வாசகர் கேள்வி – பதில்: ஒலிவாங்கிக்கு முன் ஒரு தாள்

கேள்வி: 1950களில் ஒலிபரப்பான சில வானொலிப் பேட்டிகளை அண்மையில் கேட்டேன். எழுத்தாளரானாலும் நாடக நடிகரானாலும் கட்டுரை வாசிப்பதுபோலவே பேசுகிறார்கள். அக்காலத்தவரின் பேச்சே அப்படித்தான் இருந்ததா? (வாசகி, ஈசூன்)

பதில்: பேச்சு அப்படி இருக்கவில்லை, அவர்கள் பெரும்பாலும் வாசிக்கத்தான் செய்தார்கள். விருந்தினரை முன்னதாகச் சந்தித்து உரையாடி, அவர் சொன்னவற்றைக் கேள்வியும் பதிலுமாக எழுதி, ஒத்திகை பார்த்த பிறகு இருவரும் அந்தத் தாளைப் பார்த்துப் படிப்பதே பல நிலையங்களில் வழக்கமாக இருந்தது. பிபிசியில் 1942 ஜனவரி 29ஆம் நாள் ராய் பிளம்லி தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்ற பேட்டி நிகழ்ச்சியும் தொடக்கத்தில் இவ்வாறே நடந்தது. அது போர்க்காலம், தணிக்கையின் கண்ணில் படாத சொல் எதுவும் ஒலிபரப்பாகக் கூடாது என்ற கண்டிப்பு இருந்தது.

கருவியும் ஒரு காரணம். ஒலிநாடா பரவுவதற்கு முன் பேட்டிகளை இசைத்தட்டு போன்ற தட்டில்தான் பதிவு செய்தார்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் 16 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 15 நிமிடப் பேச்சு அடங்கும். நடுவில் நாக்குப் பிறழ்ந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்க வழியில்லை.

தமிழுக்கு வேறொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். ஒலிவாங்கிக்கு முன் செந்தமிழே தகும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. நிலையத்துக்குள்ளும் எழுத்தாளர்கள் இருந்தார்கள்: இங்கே சிங்கப்பூரில் மலாயா வானொலியில் கவிஞரும் நாடகாசிரியருமான ந. பழநிவேலு, இந்தியாவில் அகில இந்திய வானொலியில் தி. ஜானகிராமன். அதனால் எழுதிப் படிக்கப்பட்ட தமிழ் நல்ல தமிழாகவே இருந்தது. எழுத்தாளர் விருந்தினராக வந்தபோது இந்த முறையால் இழப்பு அதிகமில்லை, ஏனெனில் தாள் அவருடைய சொந்த வீடு. செவிவழியாகவே கலையைக் கற்ற கூத்துக் கலைஞரையோ நாகசுரக்காரரையோ எண்ணிப் பாருங்கள். அவருடைய தயக்கம், கொச்சை, ஒரு ராகத்தை விளக்க முடியாமல் சட்டென்று பாடிக் காட்டிவிடும் வேகம் ஆகிய அனைத்தும் தாளுக்கு வெளியே நின்றுவிட்டன. அந்த இழப்புதான் எனக்குத் தாங்க முடியாததாகத் தோன்றுகிறது.

கேள்வி: இந்த நிலை எப்போது மாறியது? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: போருக்குப் பின் ஒலிநாடா வந்தபோது மாறத் தொடங்கியது. விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஓடும் 1,200 அடிச் சுருள் 32 நிமிடம் பேச இடம் தந்தது. வேண்டாத பகுதியைச் சவரக் கத்தியால் வெட்டி, முனைகளை ஒட்டிவிடலாம். பிழை திருத்தக்கூடியது என்றானதும் பேசுகிறவர் துணிந்து பேசினார்.

பிரான்ஸில் 1949இல் ஜான் அம்ரூஷ், நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஆந்திரே ழீதுடன் நடத்திய வானொலி உரையாடல்கள் ஒரு நாளில் முடிந்துவிடாமல் தொடராகவே ஒலிபரப்பாயின. ழீது 1951இல் மறைந்தார். முதுமையில் அவர் தம் நூல்களைப் பற்றிப் பேசிய குரல் அதனால்தான் நமக்குக் கிடைத்தது. சிகாகோவில் ஸ்டட்ஸ் டெர்க்கெல் 1952 முதல் ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஒரே நிலையத்தில் எழுத்தாளர்களையும் இசைக் கலைஞர்களையும் பேட்டி கண்டார். விருந்தினரின் நூலை முழுவதும் படித்து, கோடிட்டுக் குறித்துக்கொண்டு வந்து அமர்வார். தாளில் எழுதிய விடைகளுக்குப் பதில் அந்த உழைப்பு வந்து சேர்ந்ததே உண்மையான மாற்றம் என்பது என் கருத்து.

கேள்வி: நாடக நடிகரான என் தாத்தா 1950களில் இங்கே வானொலியில் பேட்டி கொடுத்தாராம். அவர் குரலைக் கேட்க வழியுண்டா? (வாசகர், பொத்தோங் பாசிர்)

பதில்: அதிகம் நம்பிக்கையூட்ட என்னால் முடியவில்லை. நேரடியாக ஒலிபரப்பானவை அந்த நொடியோடு கரைந்தன. நாடா விலையுயர்ந்தது என்பதால் ஒலிபரப்பு முடிந்ததும் அதை அழித்துவிட்டு மீண்டும் பயன்படுத்துவது பல நாட்டு நிலையங்களிலும் நடந்தது. எனினும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தாத்தாவின் பெயரைத் தேடிப் பாருங்கள். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளில் அவரோடு நடித்தவர் எவரேனும் பேசியிருக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் பார்க்க வேண்டும். பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடுவது நல்லது.

வீட்டுப் பழைய பெட்டிகளையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்த மஞ்சளேறிய தாள்கள் அகப்பட்டால் எறிந்துவிடாதீர்கள். அன்று அவர் ஒலிவாங்கிக்கு முன் பேசியது பெரும்பாலும் அந்தத் தாளில் உள்ளபடியேதான் இருந்திருக்கும்.