2007 சீசன்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல சின்ன டிவிஷன்ல அப்படி என்ன நடந்துச்சு? மிச்சிகன் தோத்தது மட்டும்தானா?

அது மட்டும் இல்லீங்க. ஆனா யாரக் கேட்டாலும் அந்த ஒரு மேட்சத்தான் சொல்லுவாங்க, அதனால அதுலேர்ந்தே வர்றேன்.

நான் அப்போ நார்த் கரோலினால, சார்லட்ல வேலை பாத்துட்டு இருந்தேன், வந்து ஒரு வருஷம்கூட ஆகல, ஃபுட்பால்னா கால்ல உதைக்கிறதுன்னு நெனச்சிட்டு இருந்த ஆளு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் அப்பலாச்சியன் ஸ்டேட்ல படிச்சவரு. அவரு மேசைல இருந்த கப்புல எழுதியிருந்தத நான் "அப்பலேச்சியன்"னு வாசிச்சுத் தொலைச்சேன், மனுஷன் கீபோர்ட தள்ளி வச்சிட்டு "லேச் இல்ல, லாட்ச், லாட்ச்"னு அஞ்சு நிமிஷம் பாடம் எடுத்தாரு. அந்த மலைப்பக்கத்து ஆளுங்களுக்கு இது மானப் பிரச்சினை, நீங்களும் போனா பாத்துப் பேசுங்க.

இப்ப சின்ன டிவிஷன்னா என்னன்னு கொஞ்சம். மேல இருக்கறது எஃப்பிஎஸ், மிச்சிகன், டெக்சஸ் மாதிரி பெரிய தலைங்க, அப்ப ஒரு டீமுக்கு 85 ஸ்காலர்ஷிப் வரைக்கும் குடுக்கலாம்னு இருந்துச்சு. அதுக்கு அடுத்த படி எஃப்சிஎஸ், அங்க அப்ப 63தான், அப்பலாச்சியன் இருந்தது இதுலதான். அதுக்குக் கீழ டிவிஷன் டூ, அப்புறம் டிவிஷன் த்ரீ, அங்க விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிக்க வந்த பசங்க ஆசைக்கு ஆடறதுதான். பெரிய டீமுங்க சீசன் ஆரம்பத்துல ஒரு சின்ன டீம காசு குடுத்துக் கூப்பிட்டு, சொந்த ஊர் ஜனம் முன்னாடி நல்லா சாத்தி அனுப்புவாங்க. சின்ன காலேஜுக்கு அந்தக் காசு பெரிய காசு, அதனால அடி வாங்கத் தெரிஞ்சேதான் போவாங்க. அப்பலாச்சியனுக்கு மிச்சிகன் குடுத்தது 4 லட்சம் டாலர்.

செப்டம்பர் 1, சனிக்கிழமை. மிச்சிகன் நாட்டுலயே 5வது ரேங்க், ஸ்டேடியத்துல 1,09,218 பேர். மேட்ச் வந்தது ரெண்டு நாள் முன்னாடிதான் தொடங்குன பிக் டென் நெட்வொர்க்ல, எங்க கேபிள்ல அந்தச் சேனலே இல்ல. நான் லாண்ட்ரில துணி போட்டுட்டு வந்து டிவி போட்டா கீழ ஓடற ஸ்கோர் பட்டைல அப்பலாச்சியன் 28, மிச்சிகன் 17, ஹாஃப்டைம்னு போகுது, நான் மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நம்ம ஆளுக்கு போன் போட்டா எடுக்கவே இல்ல. கடைசில மிச்சிகனோட மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி 32-31ன்னு ஆக்கிட்டாரு, சரி முடிஞ்சதுன்னு பாத்தா 26 செகண்ட் இருக்கும்போது ஜூலியன் ராவுஷ்னு கிக்கர் 24 யார்டு ஃபீல்ட் கோல் (பந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட்) அடிச்சு 34-32. அதுக்கப்புறமும் மிச்சிகன் ஒரே நீளமான பாஸ்ல கிட்ட வந்து, 37 யார்டுலேர்ந்து கடைசி கிக் அடிக்க, கோரி லிஞ்ச் குறுக்க பாஞ்சு தடுத்து, பந்தத் தூக்கிட்டு ஓடி, எல்லைக்குக் கொஞ்ச தூரத்துல மூச்சு வாங்கி விழுந்தாரு, அதுக்குள்ள டைமும் முடிஞ்சிருச்சு. இது எல்லாமே நான் அப்புறம் கிளிப்ல பாத்ததுதான். அன்னைக்கு நான் பாத்தது வெறும் நம்பர் மாறுனது.

அப்பலாச்சியன் காலேஜ் இருக்கற பூன் ஊர்ல பசங்க காலி ஸ்டேடியத்துக்குள்ள புகுந்து கோல்போஸ்ட பிடுங்கிட்டுப் போய் யுனிவர்சிட்டி சான்சலர் வீட்டு வாசல்ல போட்டாங்க, மேட்ச் நடந்தது வேற மாநிலத்துல, கோல்போஸ்ட் போனது இங்க! ஏபி செய்தி நிறுவனம் ஓட்டெடுத்துப் போடற ரேங்கிங்ல எஃப்சிஎஸ் டீமுக்கு ஓட்டே போட முடியாதுன்னு இருந்த ரூலையும் இந்த ஒரு மேட்சுக்காக மாத்துனாங்க.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச கூத்து வேற. அப்பலாச்சியன் கோச் ஜெர்ரி மூர், 1989லேர்ந்து அங்க இருந்த பெரியவரு, பழைய ஸ்டைல விட்டுட்டு ஸ்ப்ரெட்ங்கிற வேகமான ஆட்டத்துக்கு மாறினப்ப அவரு ஆளுங்க போய்க் கத்துக்கிட்டது வெஸ்ட் வர்ஜீனியால ரிச் ராட்ரிகஸ்கிட்ட. அந்த சீசன் முடிஞ்சதும் மிச்சிகன் கோச் லாய்ட் கார் ரிட்டயர் ஆக, மிச்சிகன் தேடிப் புடிச்சு வேலை குடுத்தது யாருக்கு? அதே ராட்ரிகஸுக்கு.

சரி, இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். மிச்சிகனையே அடிச்ச டீம் இனிமே யார்கிட்டயும் தோக்காதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் முடிவே பண்ணிட்டோம். மூணே வாரத்துல வாஃபர்டுன்னு ஒரு பொடி காலேஜ்கிட்ட 42-31 தோத்தாங்க. வாஃபர்டு மொத்தமா ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற இடம், மிச்சிகன் ஸ்டேடியத்துல ஒரு மூலைக்குக்கூடக் காணாது. திங்கக்கிழமை நம்ம ஆளு மூஞ்சியப் பாக்கணுமே. அப்புறம் அக்டோபர்ல சொந்த ஊர்லயே ஜார்ஜியா சதர்ன்கிட்ட 38-35. ஆட்டத்த நடத்துற குவார்ட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸுக்கு தோள்ல அடி, நடுவுல சில மேட்ச் ஆடவே இல்ல, அதுவும் ஒரு காரணம்.

எஃப்சிஎஸ்ல நல்ல விஷயம் என்னன்னா பிளேஆஃப் உண்டு. பெரிய டிவிஷன்ல அப்ப கம்ப்யூட்டரும் ஓட்டும் சேந்து யாரு ரெண்டு பேர் ஃபைனல் ஆடணும்னு சொல்லும், இங்க 16 டீம், தோத்தா வீட்டுக்கு. முதல் ரவுண்டு ஜேம்ஸ் மேடிசன் கூட, தாங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை. நான் நம்ம ஆளு வீட்லதான் இருந்தேன், ரெண்டு நாள் பழைய டர்க்கிய ரொட்டிக்கு நடுவுல வச்சுக் குடுத்தாங்க, ஊறுகா இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சிட்டே சாப்டேன். 28-27, அப்பலாச்சியன் ஒரு பாயின்ட் முன்னாடி, எதிர் டீம் எல்லைக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க, ஒரு சின்ன ஃபீல்ட் கோல் அடிச்சாப் போதும், கத முடிஞ்சது. அதுக்கு பதிலா இன்னொரு தடவ ஓடிப் பாக்கலாம்னு ஓடுனாங்க, பந்து கையிலேர்ந்து நழுவிருச்சு! நம்ம ஆளு சத்தமே போடல, சோஃபாலேர்ந்து இறங்கி தரைல மல்லாக்கப் படுத்துட்டாரு. மிச்சிகன் மேட்ச விட எனக்கு இதுதான் அந்த சீசனோட உயிர் போற மேட்ச்.

அடுத்த ரவுண்டு ஈஸ்டர்ன் வாஷிங்டன், அதுவும் 38-35ன்னு தொங்கல்லதான் தப்பிச்சாங்க. செமிஃபைனலுக்கு என்னையும் காரப் போட்டு இழுத்துட்டுப் போயிட்டாரு. சார்லட்லேர்ந்து ரெண்டு மணி நேரம், கடைசில மலை ரோடு, பூன் 3,333 அடி உயரத்துல இருக்கு, டிசம்பர் மாசம், நான் ஜீன்ஸ் ஒண்ணப் போட்டுட்டுப் போனவன். பக்கத்துல இருந்த ஒரு பாட்டி தேய்ச்சா சூடாகற பொட்டலம் ரெண்டு குடுத்தாங்க, அத கால் ஷூக்குள்ள போடுன்னு சைகை வேற. அன்னைக்கு ரிச்மண்டுக்கு எதிரா எட்வர்ட்ஸ் ஓடியே 313 யார்டு. குவார்ட்டர்பேக்னா முக்கியமா பாஸ் போடறவரு, இவ்வளவு ஓடறது அபூர்வம், ஆனா அந்த ஒல்லிக்குச்சிப் பையன புடிச்சிட்டான்னு எல்லாரும் எந்திரிச்சா அந்தப் பக்கம் வெளிய வந்து ஓடிட்டு இருப்பான். 55-35. ரூல் பாதி புரியாமலே எனக்குத் தொண்ட கட்டிருச்சு.

ஃபைனல் டென்னசில, சட்டனூகால, டெலவேர் கூட. 49-21, ஒருதலையா முடிஞ்சது. 2005, 2006, 2007ன்னு வரிசையா மூணு சாம்பியன்ஷிப், அந்த டிவிஷன்ல அதுக்கு முன்னாடி யாரும் பண்ணது இல்ல.

இன்னும் கீழ போனா டிவிஷன் த்ரீல அதே அக்டோபர்ல ட்ரினிட்டி, மில்சாப்ஸ் மேட்ச். ரெண்டே செகண்ட் பாக்கி, ட்ரினிட்டி 24-22ல பின்னாடி, பந்த பின்னால பின்னால தூக்கிப் போட்டு 15 தடவ கை மாறி, சந்துல பசங்க தொட்டு விளையாடற மாதிரி ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடி எல்லையத் தாண்டி டச்டவுன். வீடியோ இருக்கு, கண்டிப்பா பாருங்க, எதுவுமே புரியலன்னாலும் சிரிப்பு வரும்.

ஆங், டெலவேர்னு சொன்னேன்ல, அந்த ஃபைனல்ல தோத்த குவார்ட்டர்பேக் பேரு ஜோ ஃபிளாக்கோ. 2013 பிப்ரவரில பால்டிமோர் டீம் சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை லீகோட ஃபைனல், ஜெயிச்சு அவருக்கு எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருது, குடுத்தாங்க. நான் அதுக்குள்ள வேற கம்பெனி, வேற ஊர். கப்ப கைல வாங்கறாரு, எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வருது, வணக்கம் இல்ல, எப்படி இருக்கன்னு இல்ல, வெறும் "49-21".