மேல ஏத்தினா நிக்காத ப்ளைண்ட்ஸ்

கேள்வி: வணக்கம் சார். பீச்சுக்குப் பக்கத்துல வாடகை வீட்ல இருக்கோம். ஹால் ஜன்னல்ல ஓனர் போட்ட அலுமினியப் பட்டை ப்ளைண்ட்ஸ் இருக்கு. கயித்த இழுத்து மேல ஏத்தி கைய விட்டா சர்ருனு கீழ வந்துடுது. இப்போதைக்கு கயித்த ஜன்னல் கம்பியில சுத்தி வச்சிருக்கேன். கடையில கேட்டா ரிப்பேர் ஆகாது, புதுசு போடுங்கன்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா?
- வாசகி, பெசன்ட் நகர்

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்கம்மா. பட்டையெல்லாம் நேரா இருந்து ஏறி இறங்குதுன்னா பழுது முழு ப்ளைண்ட்ஸ்ல இல்ல, மேல இருக்குற நீள தகரப் பெட்டிக்குள்ள கட்டைவிரல் சைஸ்ல ஒரு லாக் இருக்கும், அதுலதான்.

ஸ்டூல் போட்டு ஏறி, கயிறு பெட்டிக்குள்ள நுழையுற இடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. பல்லு வெட்டின குட்டி உருளை ஒண்ணு சாய்வான காடியில, அதாவது பள்ளத்துல, உக்காந்திருக்கும். கயித்த வெளிப்பக்கமா, அதாவது ப்ளைண்ட்ஸோட ஓரத்தப் பாத்து, சாய்ச்சு விட்டா ப்ளைண்ட்ஸோட கனம் கயித்த மேல இழுக்கும், கயிறு அந்த உருளையையும் கூடவே இழுத்துட்டுப் போய் குறுகலான இடத்துல சொருகிடும், அதுதான் பூட்டு. நடுப்பக்கமா இழுத்தா உருளை கீழ விழுந்து விட்டுடும். நிறைய பேர் நேர் கீழ இழுத்து அப்படியே விட்டுடறாங்க, அதனால முதல்ல வெளிப்பக்கம் சாய்ச்சு மெதுவா விட்டுப் பாருங்க.

அப்பவும் பிடிக்கலன்னா மெல்லிசான ஸ்க்ரூடிரைவர் முனையால உருளையத் தள்ளிப் பாருங்க. உங்க ஏரியாவுல உப்புக்காத்து, அதோட தூசியும் சேர்ந்து உருளை காடியிலயே ஒட்டிக்கும். காஞ்ச பழைய டூத்பிரஷ்ஷால நல்லா தேச்சு, வேக்வம் க்ளீனர் இருந்தா உறிஞ்சு எடுங்க. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் விட்டுடாதீங்க. கயிறு பிடிச்சு நிக்கறதே உராய்வுலதான், எண்ணெய் பட்டா வழுக்கும், அப்புறம் தூசிய இன்னும் சேர்த்துக்கும்.

உருளை நல்லா உருளுது, ஆனாலும் நிக்கலையா? எப்பவும் ஏத்துற உயரத்த விட அரை அடி மேலயோ கீழயோ நிறுத்திப் பாருங்க. அங்க நின்னுச்சுன்னா லாக் நல்லாத்தான் இருக்கு, கயிறுதான் தேஞ்சு போச்சு. தினமும் ஒரே உயரத்துல நிறுத்துறோம் இல்லையா, பல்லு கடிக்கிறதும் கயித்துல அதே இடத்தத்தான், அந்த இடம் தட்டையா பளபளன்னு ஆகிடும், விரல்ல தடவினாலே தெரியும். புதுக் கயிறு வாங்கும்போது பழைய துண்ட கையில கொண்டு போங்க, கனம் அதே அளவு இருக்கணும், மெல்லிசா இருந்தா லாக் பிடிக்காது. பழைய கயித்து முனையோட புதுசோட முனையச் சேர்த்து மெல்லிசா டேப் சுத்தி இழுத்தா பழைய வழியிலேயே கோத்துக்கிட்டு வரும். பல்லே மழுங்கிப் போயிருந்தா லாக்க மட்டும் கழட்டி அதே மாதிரி வாங்கிப் போடலாம், கழட்டும் முன்னாடி கயிறு போற வழிய போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

ஒண்ணு மட்டும் இன்னைக்கே செய்யுங்கம்மா. கம்பியில சுத்துன கயிறு எங்கயாவது வளையமா தொங்குதான்னு பாருங்க. சின்னக் குழந்தைங்க கழுத்துல மாட்டி உயிர் போயிருக்கு, அதனாலதான் அமெரிக்காவுல 2024 ஜூன்ல அமலுக்கு வந்த தரவிதி புது ப்ளைண்ட்ஸ்ல தொங்குற இழுவைக் கயிறே கூடாதுங்குது. உங்க வீட்ல குழந்தை இல்லன்னாலும் வர்றவங்களோட குழந்தை ஓடியாடும். சுவத்துல 5 அடிக்கு மேல ஒரு கொக்கி அடிச்சு மிச்சக் கயிறு முழுசையும் அதுல சுத்திடுங்க, பக்கத்துல கட்டிலோ சோபாவோ இருந்தா தள்ளிப் போடுங்க.

கேள்வி: எங்க வீட்ல இருக்குறது ஸ்பிரிங் வச்ச ரோலர் ப்ளைண்ட். இழுத்து விட்டா பாதி வரைக்கும்தான் ஏறுது, முழுசா ஏற மாட்டேங்குது.
- வாசகர், திருச்சி

பதில்: ஸ்பிரிங் தளர்ந்திருக்குங்க. துணிய பாதி வரை இறக்கி நிறுத்திட்டு, உருளைய அப்படியே பிராக்கெட்ல இருந்து கழட்டி, துணிய கையாலயே ரெண்டு சுத்து சுத்தி திரும்ப மாட்டுங்க. பத்தலன்னா இன்னும் ரெண்டு சுத்து. ஒரேயடியா நிறைய சுத்தினா விட்டதும் படார்னு போய் மேல அடிக்கும்.