ஆயிரம் ரூபாய்க்குள் ஹெட்போன் வாங்கலாமா, இயர்போனே போதுமா?

“தினமும் ரயிலில் போய் வருகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்குவதென்றால், ஒலியின் தரத்துக்கும் காதின் சுகத்துக்கும் ஹெட்போன் நல்லதா, இயர்போன் நல்லதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் மாட்டியிருப்பீர்கள், கண்ணாடி அணிபவரா, உங்கள் ஊரில் வெயில் எப்படி என்பதையெல்லாம் சொல்லவில்லை. ஆகையால் நீங்களும் என்னைப் போல ஒருவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பயணத்துக்கு, காதுக்குள் செருகும் கம்பி இயர்போன். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேட்க, பஞ்சுத் திண்டு வைத்த சிறிய ஹெட்போன். காதை முழுவதுமாக மூடுகிற, ‘லெதர்’ திண்டு போட்ட பெரிய ஹெட்போனை இந்த விலையில் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நான் ஒலிப்பொறியாளன் அல்லன். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காட்பாடியில் ரயிலேறி, லத்தேரி, குடியாத்தம் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போய், மாலையில் அதே வழியாகத் திரும்புகிறேன். இருபதாயிரத்துக்கு ஹெட்போன் வாங்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் மலிவான ஹெட்போனின் திண்டு எதனால் ஆனது, எப்போது உரியும் என்று சொல்ல எனக்கு அவர்களைக் காட்டிலும் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தத் தகுதியை வைத்துக்கொண்டே நான் ஏமாந்தேன் என்பதுதான் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மச்சினர் மகன் சொன்னான் என்று, வேலூரில் ஒரு கடைக்குப் போய் 899 ரூபாய்க்குப் பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். கடைக்காரத் தம்பி அதை என் கையில் கொடுத்து, “ஒரிஜினல் லெதர் சார், தொட்டுப் பாருங்க” என்றார். தோலோடு புழங்கும் ஒருவனிடம் அப்படிச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அது ரெக்ஸின்தான், அதாவது துணியின் மேல் பாலியூரித்தேன் பூச்சு, என்று விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாங்கினேன். பாட்டுக் கேட்கிற பொருளுக்குத் தோல் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வேலூரை ‘மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு’ என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில்தான் நான் வீடு திரும்புவேன். கத்திரி வெயில் காலத்தில், ஜன்னலோர இருக்கை கிடைத்தாலும் அனல் காற்றுதான். அந்த ஹெட்போனை மாட்டிய பத்தாவது நிமிடத்தில் திண்டுக்குள் வேர்வை கோத்துக்கொள்ளும், மேல்பட்டி வருவதற்குள் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். ஹெட்போனுக்குள் இருக்கிற 40 மில்லிமீட்டர் டிரைவரைப் பற்றி, அதாவது ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கரைப் பற்றி, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், ஆனால் எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தாலும் கழுத்தில் கிடந்தால் என்ன கேட்கும்?

கழற்றாமல் இருந்த நேரத்திலும் ஒலி சுகமாக இல்லை. நான் கண்ணாடி அணிபவன். கண்ணாடிக் காம்பு திண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் நுழைந்து ஓர் இடைவெளியை உண்டாக்கிவிடும், அந்த இடைவெளி வழியாகத்தான் ‘பேஸ்’ என்று நாம் சொல்லும் தாழ்ந்த ஒலிகள் வெளியே போய்விடுகின்றன. காதை மூடும் வகையில், மூடிக்கிடக்கிற சிறிதளவு காற்றை அழுத்தித்தான் டிரைவர் தாழ்ந்த ஒலியை நமக்குத் தருகிறது. காற்றுக்கு ஓட்டை கிடைத்தால் அந்த அழுத்தம் நிற்காது. உயர்ந்த ஒலிகளுக்கு இதனால் பெரிய சேதம் இல்லாததால், பாட்டு முழுவதும் ஒல்லியாக, தகரத்தில் தட்டுவது போல் கேட்கும். போதாதற்கு, ஹெட்போனின் பிடி கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துவதால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். கண்ணாடி அணியாதவர்கள் இதை மிகைப்படுத்தல் என்று எண்ணக்கூடும், அணிபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு முன்பே திண்டு உரியத் தொடங்கிவிட்டது. இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மலிவான பாலியூரித்தேன் ஈரத்தோடும் சூட்டோடும் சேர்ந்தால் அதன் கட்டு சிதைந்துவிடும், வேர்வை அந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். பெட்டிக்குள் பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஷூவின் அடிப்பாகம் எடுத்துப் போட்ட முதல் நாளே பொடியாக உதிர்வதும் இதனால்தான், காலணித் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த பழைய தலைவலி. ஆனால் என் சொந்தத் தலையில் நடப்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலை, பரிசோதனை விளக்கின் கீழ் வெள்ளை லைனிங் போட்ட ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஜோடிக்குள் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள் கிடந்தன. ‘லைனிங்கில் கறுப்புத் துகள்’ என்று சீட்டு எழுதி ஒதுக்கினேன். அடுத்த ஜோடியிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. ஆறு ஜோடி ஒதுக்கிய பிறகு லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன். அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது ஷூவுல இருந்து வரல, உங்க காதுல இருந்து கொட்டுது.”

அந்த ஆறு சீட்டுகளையும் நானே கிழித்துப் போட்டேன். உரிந்து போகிற பொருளை ரிஜெக்ட் செய்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் உரிந்து போகிற பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்த கதை அன்று மதிய உணவுக்குள் தொழிற்சாலை முழுவதும் பரவிவிட்டது. ஓராண்டு வாரண்டி இருக்கிறதே என்று கடைக்குப் போனால், திண்டு வாரண்டியில் சேராது என்றார்கள். மாற்றுத் திண்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த மாடலே வருவது நின்றுவிட்டதாம். வேர்வையில் உரிவது தெரிந்த பொருளுக்கு மாற்றுத் திண்டு விற்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று அன்று கேட்டேன், இன்றுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

பிறகுதான் இயர்போனுக்கு வந்தேன். முதலில் வாங்கியது 549 ரூபாய்க்கு, காதுத்துளைக்குள் செருகும் சிலிக்கான் ரப்பர் வைத்த கம்பி இயர்போன். முதல் வாரம் அதையும் திட்டினேன், பேஸே இல்லை என்று. வெறுத்துப்போய் மகளிடம் கொடுத்தால், “என்னப்பா இது, இவ்வளவு பேஸா இருக்கு, தலை அதிருது” என்று திருப்பிக் கொடுத்தாள். ஒரே இயர்போன், ஒரே பாட்டு, இரண்டு காதுகளில் இரண்டு தீர்ப்பு. அப்போதுதான், பெட்டியோடு வந்திருந்த மற்ற இரண்டு அளவு ரப்பர்களை நான் தொடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பெரும்பாலோர் தொடுவதில்லை. தொழிற்சாலையில் மாட்டி அனுப்புவது நடுத்தர அளவு, அது என் இடக்காதுக்குச் சரியாகப் பொருந்தியது, வலக்காதுக்குப் பெரியது தேவைப்பட்டது. இரண்டு காதுத்துளையும் ஒரே அளவாக இருக்கும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டு காலும் ஒரே அளவு இருப்பதில்லை என்று தெரிந்த காலணிக்காரனுக்கே இது தோன்றாமல் போயிற்று.

நீங்கள் செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மிருதங்கம் தெளிவாகக் கேட்கிற ஒரு பதிவைப் போடுங்கள். அதன் வலப்பக்கமான வலந்தலையின் கணீரென்ற ஒலி எந்த மட்டமான இயர்போனிலும் கேட்டுவிடும், இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’ என்ற முழக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் தொப்பி திடீரென்று உயிர்பெற்றால், இதுவரை உங்கள் காது சரியாக மூடவில்லை என்று பொருள், அளவை மாற்ற வேண்டும். செருகும்போது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகி ரப்பர் ஒழுங்காக உட்காரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மலிவு இயர்போன்களைப் பற்றி எழுதப்படும் ‘பேஸ் இல்லை’, ‘பேஸ் அதிகம்’ என்கிற விமர்சனங்களை நான் இப்போது நம்புவதே இல்லை. எழுதியவருடைய காதின் அளவு நமக்கு எப்படித் தெரியும்?

ரயிலுக்கு இந்த வகை பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் அதை அமுக்குவதற்காக நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். துளை சரியாக மூடினால் பாதி ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒலியின் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று வரையறுத்திருக்கிறது, 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிற உங்களுக்கும் எனக்கும் அந்த 4 மணி நேரம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். ஆனால் ஒன்று, பிளாட்பாரத்தில் நடக்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இதைக் கழற்றிவிடுங்கள். ரப்பர் இல்லாமல் காதின் முகப்பில் தொங்குகிற பழைய வகையில் ரயில் அறிவிப்பு காதில் விழும், துளைக்குள் உறுத்தலும் இருக்காது, அதைப் பிடித்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூடாத காதில் பேஸ் நிற்காது என்பதால் ரயில் பெட்டியில் அது எடுபடுவதில்லை.

செருகும் வகையிலும் குறைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. காதை மூடியதும் நம் சொந்தக் குரலும் மெல்லும் ஓசையும் தலைக்குள்ளேயே முழங்கும், வேர்க்கடலை தின்றுகொண்டு பாட்டுக் கேட்க முடியாது. கம்பி சட்டையில் உரசுகிற ஒவ்வொரு உரசலும் ‘கர் கர்’ என்று கேட்கும். கம்பியைக் காது மடலின் மேலாகச் சுற்றிப் பின்புறமாக விட்டால் அது பெருமளவு அடங்கிவிடும். சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால் உடனே குப்பையில் போடாதீர்கள். ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் குழாயின் வாயிலுள்ள மெல்லிய வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் தேய்த்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

அட்டைப்பெட்டியின் எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று எல்லாப் பெட்டிகளிலும் அச்சிட்டிருக்கிறார்கள். அது மனிதக் காதின் எல்லையாகச் சொல்லப்படும் எண். அந்த எல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று டெசிபலில் சொல்லாதவரை அதனால் பயன் இல்லை. மின்தடை 16 ஓம், 32 ஓம் என்று போட்டிருந்தால் கைப்பேசியே தாராளமாக ஓட்டும். புளூடூத் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதே ஆயிரம் ரூபாயில் பேட்டரிக்கும் சிப்புக்கும் பங்கு போன பிறகுதான் டிரைவருக்கு மிச்சம் என்று மட்டும் சொல்கிறேன். பேட்டரி சோர்ந்தால் பொருளே சோர்ந்தது போலத்தான். உங்கள் கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டைப்-சி கம்பி இயர்போனே கிடைக்கிறது.

பஞ்சுத் திண்டு ஹெட்போனைப் பற்றி முதலில் சொன்னேன். 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது அதனோடு வந்தது அந்த வகைதான், மெல்லிய கம்பி வளைவும் இரண்டு பஞ்சு வட்டங்களும். காற்று உள்ளே போய் வருவதால் வேர்க்காது, உரிவதற்கு அதில் பூச்சு இல்லை, பஞ்சு நைந்துபோனால் வேறு பஞ்சு மாட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் உங்கள் பாட்டு கேட்கும் என்பதால் ரயிலுக்கு ஆகாது. மகள் வீட்டில் வைத்திருப்பது இதைத்தான். முதலில் காதை இறுக்குகிறது என்றாள், ஒரு ஷூ பெட்டியின் அகலத்துக்கு விரித்து இரண்டு இரவு மாட்டி வைத்தேன், பிடி தளர்ந்துவிட்டது. உள்ளே உலோகத் தகடு இல்லாத வெறும் பிளாஸ்டிக் வளைவு என்றால் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விழும்.

அந்த 549 ரூபாய் இயர்போன்தான் இன்றைக்கும் என் சட்டைப் பையில் இருக்கிறது. நடுவில் ஒரு முறை கைப்பேசியில் செருகும் பின்னின் கழுத்தில் கம்பி அறுந்து வலப்பக்கம் ஊமையானது, கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவர் ஐம்பது ரூபாய்க்குப் பற்றவைத்துக் கொடுத்தார். அது அறுந்து கிடந்த இரண்டு நாளும் பழைய ஹெட்போனைத் தேடி எடுத்து, உரிந்த திண்டின் மேல் மனைவியின் பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுற்றிப் பார்த்தேன். காதுக்கு இதமாகத்தான் இருந்தது, தொப்பி மட்டும் கேட்கவில்லை.