ஒரு காட்டுச்செடியால் ஹாம்பர்க் துறைமுக வேலை நின்றுபோனது என்கிறார்களே, அது என்ன செடி? அது உண்மையிலேயே தனிச் சிற்றினமா?

நின்றுபோனது என்பது மிகை. இழுத்தடித்தது, செலவைக் கூட்டியது, கடைசியில் வேலை முடிந்தும்விட்டது. ஆனால் எல்பே ஆற்றை ஆழப்படுத்தும் அந்த வேலையை எதிர்த்துப் போட்ட வழக்கின் நடுவில் ஒரு செடி இருந்தது நிஜம். தாவரவியல் படித்துவிட்டு ஹாம்பர்க்கில் குடியிருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாவது பாதிதான் எனக்குப் பிடித்த பாதி, அதில்தான் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

செடியின் பெயர் ஓனாந்தே கோனியோய்டஸ். ஜெர்மனில் ஷீர்லிங்ஸ்-வாசர்ஃபென்ஷெல் என்கிறார்கள். ஏபியேசி எனும் கேரட் குடும்பம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்துச் சரக்குதான்: சீரகம், சோம்பு, தனியா, ஓமம். பெருங்காயமும் இதே குடும்பத்துச் செடியின் வேரிலிருந்து வடிகிற பால்தான். ஆகவே செடியைப் பார்த்தவுடன் ஏதோ தெரிந்த முகம் போலத் தோன்றும். அதை நம்பி வாயில் வைத்துவிடக் கூடாது. ஓனாந்தே பேரினத்தில் கிழக்காசியாவில் கீரையாகச் சமைக்கிற ஓனாந்தே ஜவானிகாவும் உண்டு, ஐரோப்பாவின் மிகக் கொடிய நச்சுச்செடிகளில் ஒன்றான ஓனாந்தே க்ரோக்காட்டாவும் உண்டு.

இந்தக் குடும்பத்தில் பூவை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. எல்லாமே சின்னச் சின்ன வெள்ளைப் பூ, எல்லாமே குடை விரித்த மாதிரி மஞ்சரி, அதாவது பூங்கொத்து, அந்தக் குடையின் ஒவ்வொரு கம்பி நுனியிலும் இன்னொரு குட்டிக் குடை. அதனால் வகைப்பாட்டுக்காரர்கள் காயைப் பார்ப்பார்கள். கொத்துமல்லி விதைக்கும் முன் தனியாவைத் தரையில் போட்டுத் தேய்த்து இரண்டாக உடைப்போமே, அந்த இரண்டு பாதியும்தான் இந்தக் குடும்பத்தின் கையெழுத்து. ஒவ்வொரு பாதியின் முதுகிலும் வரிவரியாக மேடுகள், மேடுகளுக்கு இடையில் எண்ணெய்க் குழல்கள். குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் மேடு எத்தனை தடிமன், குழல் எங்கே ஓடுகிறது என்பது தெரியும், பேரினத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். ஓனாந்தே காயின் மேடுகள் தடித்து, தக்கை போல இருக்கும். அதனால் காய் மிதக்கும். நம் செடியின் கதையே அந்த மிதப்பில்தான் இருக்கிறது.

அது வளர்வது உலகத்திலேயே ஒரே ஓர் ஆற்றில். எல்பே ஆறு ஹாம்பர்க்கைத் தாண்டி நூறு கிலோமீட்டர் ஓடித்தான் வடகடலில் சேர்கிறது. இருந்தும் கடல் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஹாம்பர்க்கையும் தாண்டி, கெஸ்ட்ஹாக்ட் அணைக்கட்டு வரைக்கும் ஏறி வரும். உப்பு அவ்வளவு தூரம் வராது. அதாவது தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் ஒரு நாளில் இரண்டு முறை மட்டம் ஏறி இறங்கும். ஹாம்பர்க்கில் இன்றைக்கு அந்த ஏற்ற இறக்கம் மூன்றரை மீட்டருக்கும் மேல். இந்த நன்னீர் ஓதப் பகுதியில், ஓதம் வற்றும்போது தெரிகிற சேற்றுச் சரிவில், நீரோட்டம் வேகம் எடுக்காத ஓடைகளின் ஓரத்தில்தான் கோனியோய்டஸ் நிற்கும். அதற்கு மேலே போனால் நாணல் அடைத்து நிற்கும், நிழலில் நாற்று பிழைக்காது. கீழே போனால் அதிக நேரம் மூழ்கிக் கிடக்க வேண்டும், அதுவும் ஆகாது. இடையில் ஒரு குறுகலான பட்டை. அதற்குத் தேவை போட்டிக்கு ஆள் இல்லாத வெறும் சேறு.

சில செடிகள் முளைத்த ஆண்டே பூத்துவிடும், பல முதல் ஆண்டு இலைக்கொத்தாகச் சேற்றில் படுத்திருந்து அடுத்த கோடையில் எழும்பும். எழும்பினால் ஆள் உயரம்கூடத் தாண்டும். பூத்துக் காய்த்ததும் செத்துவிடும். காய் ஓதத்தில் மிதந்து போய் வேறெங்கோ புதிதாகத் திறந்த சேற்றில் ஒதுங்கும். சென்ற ஆண்டு கூட்டமாக நின்ற இடத்தில் இந்த ஆண்டு ஒன்றுகூட இருக்காது, ஓடையின் எதிர்க்கரையில் நிற்கும். வேலி போட்டுக் காப்பாற்றும் வழக்கமான முறை இதனிடம் பலிக்காது. காப்பாற்ற வேண்டியது அந்தச் சேற்றுப் பட்டையை, அதுவும் ஆற்றின் பல இடங்களில்.

இப்போது வகைப்பாடு. இதன் நெருங்கிய உறவு ஓனாந்தே அக்வாட்டிகா. அது ஐரோப்பா முழுக்கக் குளம், குட்டை, வாய்க்கால்களில் சாதாரணமாக வளர்வது. லின்னேயஸ் 1753-இல் அதற்கு ஃபெல்லாண்ட்ரியம் என்று தனிப் பேரினமே வைத்திருந்தார், பிறகு வந்தவர்கள் ஓனாந்தேக்குள் சேர்த்தார்கள். எல்பே கரையில் நிற்பது அதிலிருந்து வேறு மாதிரி இருக்கிறது என்று கவனித்தவர் எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் நோல்டே, ஹாம்பர்க்கில் பிறந்து கீல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். இன்றைய நிலையில் சிற்றினமாக நிறுத்தியவர் டேனிஷ் தாவரவியலாளர் யோஹான் லாங்கே. முழுப் பெயரை எழுதும்போது 'ஓனாந்தே கோனியோய்டஸ் (நோல்டே) லாங்கே' என்று வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயர் தந்தவர், வெளியே இருப்பவர் அதை இப்போதைய இடத்துக்கு மாற்றியவர். ஹாம்பர்க் செடிக்கும் டேனிஷ்காரருக்கும் என்ன சம்பந்தம் என்றால், பக்கத்து ஹோல்ஷ்டைன் 1864 வரை டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியும், ஆனால் பழக்கம் வேண்டும். அக்வாட்டிகாவின் நீருக்கடியில் இருக்கும் இலைகள் மயிர் போலப் பிரிந்திருக்கும். கோனியோய்டஸின் இலைத் துண்டுகள் அகலமானவை, சாக்ரடீஸ் குடித்த நஞ்சான கோனியம் செடியின் இலையை நினைவுபடுத்தும். பெயரே அதனால்தான். சந்தேகப்படுகிறவர்கள் எப்போதும் கேட்பது இதுதான்: ஓதத்தில் வளர்ந்தால் அக்வாட்டிகாவும் இப்படித்தான் ஆகியிருக்குமோ? நியாயமான கேள்வி. நீர்ச்செடிகள் தண்ணீர் மட்டத்துக்குத் தக்கபடி இலையை மாற்றிக்கொள்வதில் பேர்போனவை.

இதற்கு மைன்ஸ் பல்கலைக்கழகத்து வெஸ்ட்பெர்க், கடெரைட் இருவரும் 2014-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு ஒரு பதில் தருகிறது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் மிக நெருக்கம். ஆனால் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும், தற்செயல் என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபாடு. இயற்கைத் தேர்வு இரண்டையும் இரண்டு திசையில் இழுக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஒரே வட்டாரத்தில், மலையோ கடலோ குறுக்கே இல்லாமல், ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதற்கான சாத்தியமான உதாரணம் என்றே இதை முன்வைத்தார்கள். நேரில் பார்த்தால் இதன் கனம் புரியும். வெள்ளத்தடுப்புக் கரைக்கு உட்பக்கம் வயல் வாய்க்காலில் அக்வாட்டிகா, வெளிப்பக்கம் ஆற்றுச் சேற்றில் கோனியோய்டஸ். பூவுக்கு வருகிற ஈக்கு அந்தக் கரை ஒரு தடையே இல்லை. இருந்தும் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடவில்லை.

என் கருத்து: தனிச் சிற்றினம்தான், வயது ரொம்பக் குறைந்த சிற்றினம். இந்தக் கழிமுகமே கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு உருவானது, அதற்குள் வாழப் பழகிய செடிக்கு லட்சக்கணக்கான ஆண்டு வயது எப்படி இருக்கும்? வகைப்பாட்டைக் கல்வெட்டு போல நினைக்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். பிரிந்துகொண்டிருக்கும்போதே கையும் களவுமாகப் பிடிபட்ட செடி கிடைப்பது அரிது என்பதால் எனக்கு இதுதான் சுவாரசியம்.

சட்டத்துக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு ஆணையின் பட்டியலில் ஓனாந்தே கோனியோய்டஸ் என்ற பெயர் இருக்கிறது, அதுவும் முன்னுரிமைச் சிற்றினம் என்ற நட்சத்திரக் குறியோடு. பெயர் பட்டியலில் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு.

வழக்குக்கு வருகிறேன். பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வர எல்பேயை இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்பது திட்டம். ஓதத்துக்குக் காத்திராமல் 13.5 மீட்டர் மூழ்காழம் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) உள்ள கப்பல் வர வேண்டும், ஓதம் ஏறும் நேரம் பார்த்து 14.5 மீட்டர் வரை. 2012-இல் அனுமதி வந்தது, சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனார்கள், அதே ஆண்டு வேலைக்குத் தடை. லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2017 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு சொன்னது. பெரும்பாலான வாதங்களை ஏற்கவில்லை, திட்டத்தை ரத்து செய்யவும் இல்லை. ஆனால் கோனியோய்டஸ் விஷயத்தில் பிடித்துக்கொண்டது. செடிக்கு ஈடாக வேறு இடத்தில் ஓதப் பகுதி உருவாக்குகிறோம் என்று அரசு தரப்பு காட்டிய இடங்களில் ஒன்று க்ரீட்சாண்ட். செடியைக் காப்பாற்ற ஏற்கெனவே செய்தாக வேண்டிய வேலையையே இங்கே ஈடாகவும் கணக்குக் காட்டுகிறீர்களோ என்பதுதான் நீதிபதிகளின் சந்தேகம். அதற்கு மேலே கூடுதலாக என்ன செய்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார்கள். பிறகு பில்வெர்டர் தீவில் கூடுதல் ஓதப் பகுதி திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2019-இல் தூர்வாரத் தொடங்கி, 2022 ஜனவரியில் புதிய ஆழம் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

'ஒரு களைக்காகவா' என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். அதே 2022 நவம்பரில், வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்துவிட்டதால் அனுமதித்த மூழ்காழத்தை ஏறக்குறைய ஒரு மீட்டர் குறைக்க வேண்டி வந்தது. அதற்கும் செடிக்கும் சம்பந்தம் கிடையாது, ஆற்றின் வேலை அது. கேலி செய்தவர்கள் அந்தச் செய்தியை அவ்வளவாகப் பகிரவில்லை.

செடி அரிதானதற்கு இந்த ஒரு திட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதலிலிருந்தே அதன் உலகம் சிறியது. 1962 பிப்ரவரிப் புயல்வெள்ளத்தில் ஹாம்பர்க்கில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு கரைகள் உயர்ந்தன, பழைய தெற்கு எல்பே என்ற கிளையாறு ஓதத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. மனிதர்களுக்குத் தவிர்க்க முடியாத வேலை, செடிக்குப் போன இடம் போனதுதான். மீதி இடங்களில் துறைமுகத்துக்காக மண் நிரப்பினார்கள், கரைக்குக் கல் பதித்தார்கள். ஆழப்படுத்த ஆழப்படுத்த ஓதத்தின் வீச்சும் கூடியது. நூறு ஆண்டுகளுக்கு முன் சுமார் இரண்டு மீட்டராக இருந்ததுதான் இன்று மூன்றரைக்கு மேல் நிற்கிறது. பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் நாற்று வளர்த்து ஆற்றோரம் நட்டும் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நாற்று இரண்டாம்பட்சம். சேறு இருந்தால் காய் தானாக வந்து ஒதுங்கும்.

பார்க்க ஆசை என்றால், நகர எல்லைக்குள்ளேயே ஹோய்க்கன்லோக் என்ற காப்பிடம் இருக்கிறது. வில்லோ மரங்களும் நாணலுமாக ஓதம் புகுந்து போகிற காடு. ஜூலை வாக்கில், ஓதம் வற்றுகிற நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொண்டு போங்கள், நேரம் தப்பினால் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். பாதையை விட்டு இறங்க அனுமதி இல்லை, அதனால் பைனாகுலர் அவசியம். ஓடைச் சரிவில் கீழ் இலைகளெல்லாம் சாம்பல் நிறச் சேறு பூசி, மேலே மட்டும் பச்சையும் வெள்ளையுமாக ஒன்று நின்றால் அதுவாக இருக்கலாம். உறுதி செய்ய இலைத் துண்டின் அகலத்தைப் பாருங்கள். திரும்பும்போது கரைக்கு உட்பக்க வாய்க்காலையும் ஒரு பார்வை பாருங்கள், அக்வாட்டிகா கண்ணில் பட்டால் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுவிடலாம்.