புதுச்சேரியில் பங்குனி, சித்திரை மாலைகளை அடுப்படியிலேயே கழித்துவிடாமல் இருப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் வேலை மாற்றலில் கணவருடன் புதுச்சேரிக்கு வந்தவர். இருவரும் ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். வெளியே வெளிச்சமும் காற்றும் இருக்கின்றன. ஆனால் இரவுச் சமையலை முடித்து நிமிரும்போது மணி எட்டரை ஆகிவிடுகிறது, அலுத்துப்போய் வெளியே சாப்பிடக் கிளம்பினால் மாதக் கடைசியில் பணம் இடிக்கிறது, உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நானும் என் மனைவியும் முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் உண்டு. மாலைக்கு என்று எந்தச் சமையலையும் மிச்சம் வைக்காதீர்கள். வெளியே சாப்பிடுவதை, வீட்டில் செய்ய முடியாத உணவுக்கென்று மட்டும் ஒதுக்குங்கள். இந்த இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் விவரங்கள்தான், ஆனால் விவரங்களில்தான் காரியம் இருக்கிறது.

முதலில் நமக்குக் கிடைக்கும் மாலை எவ்வளவு நீளம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த ஊரில் பல வீடுகளுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அவர்கள் ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பாக்கியம் நமக்கு இல்லை. நவம்பரில் 5.40 அளவில் மறையும் சூரியன் ஏப்ரலில் 6.20 அளவில் மறைகிறது. கூடுதலாகக் கிடைப்பது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. இருந்தாலும் பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் பிற்பகலில் கிளம்பும் கடற்காற்று, மாலையில் ஊருக்குள்ளும் நன்றாக வீசுகிறது. நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்; ஆகவே பீச் ரோடு என்று எல்லோரும் சொல்லும் கடற்கரைச் சாலையில், சூரியன் மறைவதற்கு முன்பே கட்டடங்களின் நிழல் விழுந்துவிடுகிறது. ஐந்தரை முதல் ஏழரை வரை உள்ள அந்த இரண்டு மணி நேரம்தான் நீங்கள் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது.

அதற்குச் சமையலைக் காலைக்கு நகர்த்த வேண்டும். இந்தப் பருவத்தில் காலை ஆறு மணிக்கு அடுப்பங்கரை தாங்கக்கூடியதாக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு, பகல் முழுவதும் வெயில் வாங்கிய தளத்துக்குக் கீழே, அடுப்பைப் பற்ற வைக்காமலே வியர்க்கிறது. காலையில் வைக்கும் குழம்பு இரவுக்கும் தாங்க வேண்டுமென்றால் எந்தக் குழம்பு என்பதில் கவனம் தேவை. தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பும் கூட்டும் இந்த வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும். அவற்றை மதியத்தோடு முடித்துவிட வேண்டும். புளியும் நல்லெண்ணெயும் கூடிய குழம்பு, கரண்டி போட்டுக் கலைக்காமல் வைத்தால், மறுநாளைக்குக்கூட இன்னும் ருசியாக நிற்கும். இட்லி மாவும் அப்படித்தான்: மார்கழியில் இரவு முழுவதும் காத்திருந்தும் பொங்காத மாவு, சித்திரையில் ஆறேழு மணி நேரத்திலேயே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். ஆகவே இரவு அரைத்து வெளியே வைத்துவிட்டுத் தூங்காமல், காலையில் அரைத்து, மதியம் வீட்டில் யாராவது இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் விடுமுறை நாளில் அரைத்து, மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த மாதங்களுக்கென்றே ஒரு குழம்பு உண்டு; பலாக்கொட்டை, மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. பண்ருட்டிப் பலா இங்கே வரத் தொடங்கியதும் கொட்டையைச் சேர்த்து வைப்போம். மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்து, குக்கரில் இரண்டு மூன்று விசில் விட்டு வேகவைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோலை எடுக்க வேண்டியதில்லை. மண் சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, தாளிப்பு வடகத்தை உதிர்த்துப் போட்டு, அது சிவந்து மணம் வரும்போது சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி சேர்த்து வதக்கி, கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் போட வேண்டும். மாங்காயின் புளிப்பைப் பார்த்துப் புளியைக் குறைத்துக் கரைத்து ஊற்றி, குழம்பு மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் போட்டுக் கொதிக்க விட்டு, பச்சை வாசனை போனதும் பலாக்கொட்டை. வெந்நீரில் இரண்டு முறை அலசிய கருவாடு அதற்குப் பிறகு. மாங்காய்த் துண்டுகள் கடைசியில், ஏனென்றால் முன்னால் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். உப்பைக் கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்துத்தான் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு இறக்கிய இந்தக் குழம்பு, இரவு சோற்றுக்கு மட்டுமல்லாமல் தோசைக்கும் கம்பங்களிக்கும் பொருந்தும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கருவாட்டை விட்டுவிட்டுச் செய்தாலும் பலாக்கொட்டையும் வடகமும் குழம்பைத் தாங்கிவிடும்.

அந்த வடகத்தைக் கடையில் வாங்காமல் இந்த வெயிலிலேயே போட்டு வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம் பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து மொட்டை மாடியில் காயவைப்பார்கள். மாலையில் உருண்டையை உடைத்துப் பிசைந்து மறுபடி உருட்டி வைத்து, மறுநாள் மீண்டும் வெயில் காட்டுவார்கள். உள்ளே ஈரம் இல்லாமல் காய்ந்துவிட்டால் ஆண்டு முழுவதும் கெடாது. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் ‘வாதுவான்’ என்று சொல்லி மீனுக்கும் இறைச்சிக்கும் தூவும் மசாலா இந்த வடகத்திலிருந்து போனதுதான். நம் ஊர் உணவகங்களில் அந்தப் பெயரைப் பார்த்து வியப்பவர்களுக்கு அவர்கள் மாமியார் வீட்டுப் பரணிலேயே அது இருக்கும் என்பது தெரியாது.

மீன் வாங்குவதிலும் இந்தப் பருவத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒரே விதி. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் இடைவெளி அது. அந்த நாட்களில் வஞ்சிரம், வவ்வால் போன்றவற்றின் விலை கண்ணைக் கட்டும். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் அங்கிருந்து ஐஸில் வந்த பெரிய மீனும் சந்தையில் கிடக்கும். கட்டுமரமும் சிறிய நாட்டுப் படகும் தடைக்குள் வராதவை. அவற்றில் வரும் நெத்திலி, கிழங்கான், மத்தி, காரப்பொடி ஆகியவை விடியற்காலையில் புத்தம் புதிதாகக் கிடைக்கும். பெரிய மார்க்கெட்டுக்கோ, தெருவில் கூடை கொண்டுவரும் மீன்கார அம்மாவிடமோ போய், “இன்று நம் கரையில் வந்தது எது?” என்று கேட்டு, அதையே வாங்குங்கள். இதே காரணத்தால், மே மாதத்தில் உணவகத்தில் உட்கார்ந்து பெரிய மீனைக் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வெளியே சாப்பிடும் விஷயத்துக்கு வருகிறேன். சாம்பாரும் தோசையும் சோறும் குழம்பும் வீட்டில் இதைவிட நன்றாக வரும்போது, அவற்றுக்காக வெளியே பணம் கொடுப்பது அலுப்புக்குக் கொடுக்கும் அபராதம் என்பதே என் கருத்து. வீட்டு அடுப்பில் வராதவை இருக்கின்றன: விறகு அடுப்பில் சுட்ட மெல்லிய பீட்சா, மேலே முறுகி உள்ளே மிருதுவான பிரெஞ்சு ரொட்டி, கல்லில் தட்டிக் கொத்திய கொத்து பரோட்டா. இவற்றுக்குப் போங்கள், ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் போகாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்தும், பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களால், பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியான ஒயிட் டவுன் முழுவதும் நிரம்பி வழியும், காத்திருந்து உட்கார்ந்தாலும் சமையல்காரர் அவசரத்தில் இருப்பார். செவ்வாய், புதன் மாலை ஏழு மணிக்குப் போனால் முற்றத்தில் நல்ல இடம் கிடைக்கும், எட்டரைக்குள் வீடு திரும்பிவிடலாம். பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணவகங்கள் அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. விருப்பப்பட்டு இனாம் கொடுப்பது வேறு.

வெளியே போவதென்றால் உணவகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலையில் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் காந்தி சிலைக்கு முன்னும் பின்னும் காலார நடக்கலாம். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஒரு பொட்டலம் இருந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. பகல் பொழுதிலென்றால் நுங்கு. மாலையில் இப்படி ஏதாவது சாப்பிட்டுவிட்டால் இரவுக்கு இரண்டு தோசையும் காலைக் குழம்புமே போதும், அதற்கு அடுப்பு எரிவது பத்து நிமிடம்.

பௌர்ணமி வரும் நாளை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முழு நிலா எப்போதும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே எழும். நமக்குக் கிழக்கே கடல் என்பதால் நிலா தண்ணீரிலிருந்து கிளம்புவதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் நாங்கள் காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிவைத்து, புதிதாக ஊறிய மாவடுவோடு எடுத்துப் போவோம். தயிர்சாதத்தில் பாதிக்குமேல் பாலை ஊற்றிக் கொஞ்சமே உறை தயிர் விட்டால் மாலை வரை புளிக்காது. கூட்டம் பிடிக்காதவர்கள் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். மணற்பரப்பு அகலமானது, உட்கார்ந்து சாப்பிட இடம் தாராளம்.

இந்த ஏற்பாடு மே மாதத் தொடக்கம் வரைதான் சரியாக ஓடும். கத்திரி வெயில் தொடங்கியதும் மேற்குக் காற்று பலமாகும் நாட்களில் கடற்காற்று மிகவும் தாமதமாகவே ஊருக்குள் நுழைகிறது, ஆறு மணிக்கும் கரையில் வெக்கைதான். அப்போது சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு எட்டு மணிக்குமேல் நடக்கப் போங்கள். மொட்டை மாடியில் பாய் விரிப்பதென்றால் சூரியன் மறைந்ததும் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து, தளம் சூடு தணிய ஒரு மணி நேரம் விடுங்கள்; கொசுவுக்கு ஒரு மின்விசிறியையும் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும்.