பேக்ஸ்லாஷை முதலில் படிப்பது யார்?

வணக்கம். நான் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்க் கட்டுரைகளில் ‘பல’ என்ற சொல் தனியாக வரும் இடங்களைப் பைத்தான் நிரல்மொழியில் தேடினேன். சொல்லின் இரு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி போட்டேன். எரர் வரவில்லை, ஒரு விடையும் வரவில்லை. மேற்கோள்குறிக்கு முன்னால் ஆர் சேர்க்கச் சொல்கிறார் நண்பர். எண்களைத் தேடும் பேக்ஸ்லாஷ் டி அது இல்லாமலே ஓடுகிறதே, இதற்கு மட்டும் ஏன்?

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர் சொன்னது சரி. நீங்கள் எழுதும் பேட்டர்னை முதலில் படிப்பது பைத்தான். அது படித்து முடித்து மிச்சம் வைப்பதுதான், பேட்டர்னை வைத்துத் தேடித் தரும் ரெஜெக்ஸின் கைக்குப் போகிறது. சாதாரண ஸ்ட்ரிங்கில், அதாவது ஆர் இல்லாத மேற்கோள்குறிக்குள், பேக்ஸ்லாஷ் பி என்றால் பைத்தானுக்கு பேக்ஸ்பேஸ், அதாவது 8ஆம் எண் எழுத்து. ரெஜெக்ஸோ அதைச் சொல்லின் எல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறி அதன் பார்வைக்கே வரவில்லை. இரண்டு பேக்ஸ்பேஸுக்கு நடுவில் ‘பல’ இருக்கிறதா என்று உங்கள் கட்டுரைகளில் தேடியிருக்கிறது, பாவம். பேட்டர்னின் நீளத்தை லென் போட்டுப் பாருங்கள். ஆர் இல்லாமல் 4 வரும், ஆர் போட்டால் 6.

பேக்ஸ்லாஷ் டி என்று பைத்தானில் எதுவும் கிடையாது. அதனால் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறது. அதை நம்ப வேண்டாம். 3.12 பதிப்பிலிருந்து இதற்கு வெளிப்படையாகவே எச்சரிக்கை வருகிறது. ரெஜெக்ஸ் என்றால் யோசிக்காமல் ரா ஸ்ட்ரிங் போட்டுவிடுங்கள், அதாவது முன்னால் ஆர் சேர்த்தது; அதில் பைத்தான் பேக்ஸ்லாஷைத் தொடாமல் அப்படியே ரெஜெக்ஸிடம் கொடுத்துவிடும். ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேடக்கூட சாதாரண ஸ்ட்ரிங்கில் "\\\\" என்று நான்கு வேண்டும். ரா ஸ்ட்ரிங்கில் இரண்டு போதும்.

ஆனால் ஆர் போட்ட பிறகும் உங்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ், புள்ளியையும் துணைக்குறிகளையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. அதனால் ‘பலா’, ‘பலி’, ‘பல்’ எல்லாவற்றிலும் ‘பல’ சிக்கும். இரு பக்கமும் இடைவெளியோடு நிற்கும் ‘கடல்’ சிக்கவே சிக்காது, ஏனென்றால் கடைசிப் புள்ளிக்கும் இடைவெளிக்கும் நடுவில் அதற்கு எல்லையே தெரியவில்லை. தமிழில் வேலை செய்கிற எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

எனவே பேக்ஸ்லாஷ் பியை விட்டுவிடுங்கள். சொல்லுக்கு முன்னும் பின்னும் தமிழ் யூனிகோட் வரம்பில் எதுவும் வரக்கூடாது என்று லுக்பிஹைண்ட் (சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் பார்ப்பது), லுக்அஹெட் (பின்னால் இருப்பதைப் பார்ப்பது) இரண்டிலும் எழுதுங்கள். வரம்பு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. பேக்ஸ்லாஷ் யு போட்டு அந்த எண்களை ரா ஸ்ட்ரிங்கிலேயே கொடுக்கலாம், ரெஜெக்ஸ் தானே புரிந்துகொள்ளும்.

அன்புடன்.