கெர்னல் புதுப்பித்தபின் திரை கறுத்துப்போவது ஏன்?

கேள்வி: என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் டெபியன் லினக்ஸ் வைத்திருக்கிறேன். புதுப்பிப்புகளை நிறுவிக் கணினியை மறுபடி இயக்கும்போது, சில சமயங்களில் உள்நுழைவுத் திரை வராமல் கறுப்பாகவே நிற்கிறது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாக இயங்குகிறது. கெர்னல் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் பல, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழியாகவே வருகின்றன. அவற்றை இழந்து திரையைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை.

கிராஃபிக்ஸ் டிரைவர் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, செயலிகள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் போன்ற இடைமுகங்களுக்கான நூலகங்கள். மற்றொன்று, கார்டை இயக்குவதற்காகக் கெர்னலுக்குள் ஏற்றப்படும் மாட்யூல் என்ற நிரல்துண்டு. கெர்னலின் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதில்லை என்பது அதன் உருவாக்குநர்கள் தெரிந்தே எடுத்த முடிவு என்பதால், ஒரு கெர்னலுக்காகக் கம்பைல் செய்த (அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் வடிவுக்கு மாற்றிய) மாட்யூலை இன்னொரு கெர்னல் பொதுவாக ஏற்காது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் மாட்யூல்கள் கெர்னலின் மூல நிரலிலேயே இருப்பதால் அதனுடன் சேர்ந்தே மாறுகின்றன. என்விடியாவின் மாட்யூல் வெளியே இருக்கிறது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூல நிரலைத் திறந்துவிட்டது வரவேற்கத்தக்கதே எனினும், அவை இன்னும் கெர்னலுக்கு வெளியேதான் பராமரிக்கப்படுகின்றன. ஆகவே உங்கள் சிக்கல் அதனால் தீராது.

இந்த இடைவெளியை நிரப்ப டெல் நிறுவனம் உருவாக்கிய கருவிதான் டிகேஎம்எஸ். புதிய கெர்னல் நிறுவப்பட்டவுடன் மாட்யூலை அதற்கேற்பத் தானாகவே கம்பைல் செய்துவிடும். ஆனால் அதற்கு, கெர்னலின் இடைமுகங்களை விவரிக்கும் ஹெட்டர் கோப்புகள் அதே பதிப்பில் வேண்டும். உங்களுக்கு நேர்வது பெரும்பாலும் இங்கேதான் என்று கருதுகிறேன்: முதன்முறை ஒரு குறிப்பிட்ட பதிப்பின் ஹெட்டரை மட்டும் நிறுவியிருப்பீர்கள், கெர்னலின் பதிப்பு எண் மாறும்போதெல்லாம் ஹெட்டர் இல்லாமல் கம்பைல் நடக்காமல் போகிறது, எண் மாறாத புதுப்பிப்புகளில் எதுவும் கெடுவதில்லை. பதிப்பு எண் இல்லாத 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுத் தொகுப்பை நிறுவிவிட்டால், ஹெட்டரும் கெர்னலும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கும். என்விடியா டிரைவரை நிறுவும்போது நூவோ என்ற மாற்று டிரைவர் தடை செய்யப்படுவதால்தான், மாட்யூல் இல்லாத நிலையில் மங்கலான திரைகூட வராமல் போகிறது.

இனி ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்குப் பின்னும், கணினியை மறுபடி இயக்குவதற்கு முன்பே, டிகேஎம்எஸ் நிலையைக் காட்டும் கட்டளையை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். புதிய கெர்னலின் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இருந்தால் தயங்காமல் மறுதொடக்கம் செய்யலாம். இல்லாவிட்டால் அதற்கான காரணம், 'வார்/லிப்/டிகேஎம்எஸ்' என்னும் அடைவுக்குள் உள்ள 'மேக்' பதிவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் ஏகேமாட் என்ற கருவி இதே வேலையைப் பின்னணியில் செய்வதால், அது முடியச் சில நிமிடங்கள் பொறுத்திருப்பது நல்லது. பழைய கெர்னல் ஒன்றையாவது எப்போதும் வைத்திருங்கள். இதுவரை உங்களைக் காப்பாற்றியது அதுதான்.

மாட்யூல் உருவாகியும் ஏறவில்லை என்றால், நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டுமே ஏற்கும் 'செக்யூர் பூட்' வசதியைப் பாருங்கள். அது இயங்கும் கணினியில், டிகேஎம்எஸ் கையொப்பமிடும் சாவியை 'மோக்' என்ற, கணினி உரிமையாளர் நம்பும் சாவிகளின் பட்டியலில் நீங்களே ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் நிறுவியை டெபியன் தொகுப்புகளோடு கலக்காதீர்கள். எந்தக் கோப்பு யாருடையது என்று தொகுப்பு மேலாளருக்குத் தெரியாமல் போய், பிறகு சரிசெய்வது மிகக் கடினமாகிவிடும்.

உங்கள் கார்டு மிகப் பழையதாக இருந்தால் நிலைமை வேறு. 390 வரிசை டிரைவரை மட்டுமே ஏற்கும் கார்டுகளுக்கு என்விடியாவின் ஆதரவு முடிந்துவிட்டது. ஹெட்டர் சரியாக இருந்தாலும் புதிய கெர்னலில் கம்பைல் தோல்வியடையலாம். அத்தகைய கார்டுக்கு நீண்ட கால ஆதரவுள்ள கெர்னலில் நின்றுகொள்வதோ, நூவோவுக்கு மாறிவிடுவதோதான் வழி.